கொழும்பிலிருந்து இரண்டரை மணி

சிம்மக்கல், மதுரை
மே 1939

அன்புள்ள அண்ணன் ஷேக் தாவூதுக்குத் தம்பி யூனுஸ் சலாம் சொல்லி எழுதுவது. உன் கடிதம் நேற்று கிடைத்தது.

அத்தா செவ்வாய் விடியலில் மௌத்தானார். உடனே உனக்குத் தந்தி கொடுத்தோம். மாலைக்குள் அடக்கிவிடலாம் என்றுதான் இருந்தோம். அதற்குள் உன் பதில் தந்தி வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துராஜ் வாத்தியார்தான் படித்தார். 'ஃப்ளையிங்' என்று இருக்கிறது, உன் மகன் ஆகாய விமானத்தில் வருகிறான் என்று அம்மாவிடம் சொன்னார். தேசப்படத்தில் அடிக்கோலை வைத்து, கொழும்பிலிருந்து திருச்சி இருநூற்றெண்பது மைல், இரண்டரை மணிப் பயணம், நாளை மதியம் இறங்குவான் என்று கணக்கும் போட்டார்.

அம்மா மையித்தை எடுக்கவிடவில்லை. பள்ளிவாசல் அசரத்து எவ்வளவோ சொன்னார். "எம்புள்ள வானத்துல வாரான், அவன் அத்தா முகத்தைப் பாக்க வேணாமா?" என்று ஒரே பிடி. கத்திரி வெயில். ஐஸ் கட்டி வாங்கி மரத்தூள் போட்டு வைத்தோம். மறுநாள் காலை முகத்தை மூடிவிட்டோம். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

சேக் மைதீன் மாமா வாடகைக் கார் பிடித்துத் திருச்சிக்குப் போய் மைதானத்தில் நின்றார். விமானம் சொன்ன நேரத்துக்கு வந்ததாம். "ரெண்டு வெள்ளைக்காரன், நாலு தபால் மூட்டை, அம்புட்டுத்தான் மாப்ள" என்றார். தபால் மூட்டைக்கு இருக்கிற இடம் கடைச் சிப்பந்திக்கு இல்லை. இது எங்களுக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். புதன் மாலை அடக்கினோம்.

'பறந்து வாரேன்னு அடி' என்று நீ சொன்னதைக் கடைக் கணக்கப்பிள்ளை அப்படியே இங்கிலீஷில் எழுதிவிட்டான் என்று இப்போதுதான் தெரிகிறது. அது போகட்டும். கப்பலில் வந்த சரக்கை இறக்கிவிட்டுப் போ என்றாராமே உன் முதலாளி? தகப்பனைப் பறிகொடுத்தவனிடம் பேசுகிற பேச்சா அது? நீயும் சரி என்று இறக்கியிருக்கிறாய். எனக்குக் கோபம் வர வேண்டும். அவர்மேல் வருகிறது, உன்மேல் வரவில்லை. எதுவும் சரியாக வரவில்லை.

பக்கத்து வீட்டு அஜ்மல் பீவி, "என்னக்கா, ஒம் மகன் இன்னும் மேலேயேதான் சுத்திக்கிட்டு இருக்கானா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மாவுக்கு உன் கடிதத்தை இரண்டு முறை படித்துக் காட்டினேன். விமானம் நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை என்றும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ரெண்டரை மணி நேரந்தானேப்பா" என்றாள்.

அம்மா இத்தாவில் வாசற்படி தாண்டாமல் இருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், தொழுகிறாள். முன்பெல்லாம் துஆவில் முதலில் உன் பெயர், பிறகு என் பெயர், பிறகு தங்கை சைனபின் பெயர். இப்போது என் பெயரில் தொடங்குகிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

நீ வந்து அவள் எதிரில் உட்கார். அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். இந்த துஆவை நான் மட்டும் கேட்டால் போதாது அண்ணே.

உன் தம்பி
யூனுஸ்