அடிக்காமல் விட்ட தந்தி

அக்கா,

இன்று முற்பகல் அச்சுக்கூடத்தில் அடித்தட்டு இழுப்பறையைத் திறந்தேன். மண்ணெண்ணெய் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. மர எழுத்துகளை அதில்தான் துடைத்து வைப்போம். என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "என்னடா, அரிக்கேன் விளக்குக்குள்ளேருந்து எறங்கி வரியா?" என்று கேலி செய்வாயே, அதே வாசனை. உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு எழுத்து. ஈய எழுத்துகள் தினமும் வேலை செய்யும். இவை வருஷத்துக்கு நாலைந்து முறைதான் வெளியே வரும். பெரிய மனிதர் யாராவது இறக்க வேண்டும், யுத்தம் வர வேண்டும், இல்லாவிட்டால் புயல். "பெரிய எழுத்தை எடுங்கய்யா" என்று ஆசிரியர் இன்றைக்கும் குரல் கொடுத்தார். வங்கக் கடலில் புயல். 'பு'வைக் கையில் எடுத்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷமாக யாருக்குமே சொல்லவில்லை.

அப்போது பேப்பர் ஓரணா. தெப்பக்குளத்துப் பக்கம் எங்கள் அச்சுக்கூடத்தில் மத்தியானம் அச்சாகி, சாயங்கால ரயிலேறி, மறுநாள் காலையில் உன் ஊர் ஸ்டேஷனில் இறங்கிவிடும். வேதாரண்யத்துக்கு அந்தப் பக்கம், உப்பளத்தை ஒட்டி, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உன் வீடு. ஸ்டேஷன் டீக்கடையில் தொங்கும் பேப்பரைப் பார்த்து, "இது என் தம்பி கோத்த எழுத்து" என்று பெருமையடிப்பாய் என்று அத்தான் சொல்வார். எழுதுவது வேறு ஆள், நான் வெறும் எழுத்து கோக்கிறவன் என்று எத்தனை சொன்னாலும் உன் காதில் ஏறாது.

அந்த முதல் புயல் செய்திக்கு நீ ஒரு டிரங்குப் பெட்டியும் கையில் குழந்தையுமாக ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "அவ்வளவு பெரிசா போட்டிருந்துச்சேடா. நீ பொய் சொல்லுவியா?" என்றாய். மூன்று நாள் காத்திருந்தோம். அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஜனங்கள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு வெயில். புயல் மசூலிப்பட்டணம் பக்கம் போய்விட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"அது பேப்பர் விக்கிறதுக்குப் போட்டதுக்கா. ஜங்ஷன்ல மட்டும் ரெண்டு மடங்கு போச்சு, தெரியுமா?"

உன் முகம் சுண்டிப்போயிற்று. "இப்ப அங்க போயி நான் என்னத்தைடா சொல்லுவேன்?" என்றாய். மறுநாள் சமயபுரம் போனோம். வேண்டுதலுக்காக வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று குங்குமம் வாங்கிப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டாய். உன் மாமியார் அதற்கெல்லாம் ஏமாறுகிறவர்களா? கிணற்றடியில் உனக்குப் 'பேப்பர் புயல்' என்று பேர் வைத்துவிட்டார்கள் என்று கடிதம் எழுதியிருந்தாய். அதைப் படித்தும் நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த பொங்கலுக்கு வந்தபோது நேராகவே கேட்டாய். "பேப்பர்ல போட்டா நான் நம்பணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு."

பெரிய மேதாவி மாதிரி நான் சொன்னேன்: "பேப்பரைப் பார்க்காதே. நிஜமா வரும்னு தெரிஞ்சா நானே தந்தி அடிக்கிறேன். 'புறப்படு'ன்னு ஒரே வார்த்தை. அது வரலைன்னா நிம்மதியா உலை வை."

உனக்கு எவ்வளவு நிம்மதி! ஊருக்குப் போய் மாமியாரிடமும் சொல்லியிருக்கிறாய். "தந்தின்னா சரி, நானும் கெளம்பறேன்" என்றார்களாம்.

அந்த ஐப்பசியில் மட்டும் மூன்றாவது முறையாகப் புயலுக்காகப் பெரிய எழுத்து வெளியே வந்தது. முந்தைய இரண்டும் கடலிலேயே கரைந்துபோயிருந்தன. "வெயில் காயுது சார், மறுபடி சிரிப்பாங்க" என்று ஆசிரியரிடம் சொன்னேன். "பத்துத் தடவை சிரிச்சுட்டுப் போகட்டும்யா. ஒரு தடவை சொல்லாம விட்டுட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். சொல்லிவிட்டு, எத்தனை பிரதி கூடுதலாகப் போடலாம் என்று ஏஜெண்டிடம் உற்சாகமாகப் பேசப் போனார். அந்த உற்சாகத்தைத்தான் நான் பார்த்தேன். அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

'புயல் நெருங்குகிறது' என்று கோத்துக் கொடுத்துவிட்டுத் தந்தி ஆபீசுக்குப் போனேன். போனேன் அக்கா, போகாமல் இல்லை. படிவம் வாங்கினேன். உன் விலாசத்தை எழுதினேன். 'புறப்படு' என்றும் எழுதிவிட்டேன். எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் வெளியே பார்த்தேன், வெயில் பளீரென்று அடித்தது. உன் குங்குமப் பொட்டலங்கள் நினைவுக்கு வந்தன. இன்னொரு தடவை உன்னைக் கிணற்றடியில் கேலிப்பொருளாக்க வேண்டுமா, நாளைக்கு என்ன செய்தி வருகிறது பார்ப்போம் என்று படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஸ்ரீரங்கத்திலேயே தென்னை மரங்கள் பேயாட்டம் ஆடத் தொடங்கியபோது தந்தி ஆபீசுக்கு ஓடினேன். "அந்தப் பக்கம் லைன் போயிடுச்சு சார்" என்றார் குமாஸ்தா.

ஐந்தாம் நாள் அத்தான் வந்தார், தோளில் குழந்தையோடு. நீயும் இல்லை, உன் மாமியாரும் இல்லை. அவர் உப்பள வேலையாகத் திருத்துறைப்பூண்டியில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னதை எனக்குச் சொன்னார்.

"காலையில பேப்பரைப் பார்த்துட்டு அவங்க வண்டி கட்டிக் கூப்பிட்டிருக்காங்க மாப்ளே. இவ புள்ளைய மட்டும் ஏத்தி விட்டுட்டு, 'என் தம்பிகிட்டேருந்து தந்தி வரும், வந்ததும் அத்தையை அழைச்சுக்கிட்டுப் பின்னாலயே வந்துடறேன்'னு சொல்லியிருக்கா. பேப்பர் அவ கையிலதான் இருந்துச்சாம்."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "லைன் அறுந்துபோச்சுன்னு போஸ்டாபீஸ்ல சொன்னாங்க. நீங்க அடிச்சிருப்பீங்க, வந்து சேரலை. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஆமாம்" என்றேன்.

அக்கா, பேப்பர்க்காரர்கள் புயலைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள் என்று டீக்கடைகளில் இன்றைக்கும் பேசுகிறார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த உற்சாகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். ஆனால் உன் தெருவில் பிழைத்தவர்கள் எல்லாம் அந்தப் பெரிய எழுத்தை நம்பி வண்டி கட்டியவர்கள். நான் என் கையால் கோத்த எழுத்து. ஊருக்கெல்லாம் ஓடு ஓடு என்று கத்திவிட்டு, உன்னை மட்டும் உட்கார வைத்தேன். பேப்பர்க்காரர்கள் இரைச்சலோடு உண்மையைச் சொன்னார்கள். எனக்கு மட்டும் எது நிஜம் என்று தெரியும் என்று நினைத்துக்கொண்டேனே, அந்தத் திமிரை எங்கே கொண்டு போய்த் தொலைப்பேன்?

இன்று 'பு'வை மேஜையில் வைத்துவிட்டு முதலில் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். வானத்தைப் பார்க்கவில்லை. புயல் என்ற செய்தி வந்தால் போதும், சின்னதோ பெரியதோ, அத்தானுக்கு அடித்துவிடுகிறேன். குமாஸ்தாவுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. உன் பெண் இப்போது தாவணி போட்டுவிட்டாள். இருவரும் மறு பேச்சில்லாமல் ஒவ்வொரு தடவையும் கிளம்பி வருகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் வருவதில்லை. வெயிலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார்கள்.

பழைய படிவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, உன் பேர் இரண்டாகிவிட்டது. அத்தானிடம் அதை நீட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். நாளைக் காலையிலும் போவேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, எப்போதும் சொல்வதைச் சொல்வார்.

"பாத்தீங்களா மாப்ளே, இப்பல்லாம் உங்க தந்தி ஒழுங்கா வந்து சேந்துடுது."

நான் ஆமாம் என்பேன்.