இயந்திரத்தின் வாயை அடைத்தது

நவம்பர் 12, செவ்வாய்

என் மனைவி தங்கபுஷ்பத்தின் ஆக்சிஜன் இயந்திரம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கீ கீ என்று கத்துகிறது. காற்று வருகிறது. குழாயில் அளவு காட்டும் பந்து மேலேதான் நிற்கிறது. அவள் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தால் தொண்ணூற்று நான்கு. பிறகு எதற்கு இந்த ஒப்பாரி? கம்பெனிக்காரன் வெள்ளிக்கிழமைதான் வருவானாம். பாவம், அவள் கண்ணே மூடவில்லை. மூன்றாம் மாடி ரத்னா வந்து எட்டிப் பார்த்தாள். இதுவரை அவள் வீட்டுச் சத்தத்தை நாங்கள் கேட்பதுதான் வழக்கம்.

நவம்பர் 13, புதன்

மந்தைவெளி டிவி மெக்கானிக் அன்வர் பாஷாவைக் கூட்டி வந்தேன்.

"பஸ்ஸர் வயர கட் பண்ணா சத்தம் நின்னுடும் சார். ஆனா அது இன்னாத்துக்குக் கத்துதுன்னு எனக்குத் தெரியாது."

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பாஷா."

"அப்ப அதுக்குப் பதிலா நீங்க பக்கத்துலயே குந்திக்கினு பாக்கணும்."

"கல்யாணம் ஆனதுலேருந்து அந்த வேலைதானே," என்றேன்.

"இவர் பாக்குறதெல்லாம் மூணாவது மாடியத்தான்," என்றாள் தங்கபுஷ்பம்.

வெட்டினார். அப்பாடா, என்ன அமைதி! மத்தியானமே தூங்கிவிட்டாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நவம்பர் 14, வியாழன்

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பால் வாங்கப் போனவன், ரத்னா மருமகன் கதையை வாட்ச்மேனிடம் நின்று கேட்டேன். எவ்வளவு நேரம்? தெரியவில்லை. மேலே வந்து சுடச்சுடத் தங்கபுஷ்பத்திடம் சொன்னேன். திட்டவில்லை. "ம்" என்றாள். உதடு நீலம். விரலில் மாட்டினால் எண்பத்தொன்று.

இயந்திரம் ஓடுகிறது, பந்து நிற்கிறது — வருவது வெறும் காற்று. ஆக்சிஜன் இல்லை. அதைச் சொல்லித்தானே அது கத்தியது? கத்துனதோட வாயப் பொத்துனது யாரு? நாந்தான். நானேதான்.

அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டரைத் திருகக் கை வரவில்லை. மாடிப்படியில் நின்று அலறினேன். ரத்னா ஓடி வந்து திருகினாள். ஆம்புலன்ஸுக்கும் அவளே பேசினாள்.

கடவுளே, அவ திட்டணும். ஒரே ஒரு தடவ.

நவம்பர் 15, வெள்ளி

ஐ.சி.யூ. வாசல். கம்பெனிக்காரன் வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போனானாம்.

நவம்பர் 24, ஞாயிறு

புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். இயந்திரமும் புதிது.

இன்று காலிங்பெல் ஸ்விட்ச் சிக்கிக்கொண்டு ஓயாமல் அடித்தது. வந்த பாஷா, என் முகத்தைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

"இன்னா சார், தொடலாமா?"

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். உள்ளேயிருந்து அவள்தான் சொன்னாள்: "அதத் தாராளமா வெட்டுங்க. வர்றவங்க கதவத் தட்டட்டும்."

வெட்டினார். சட்டென்று அமைதி.

பாஷாவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மார்பு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

"இருக்கேன், இருக்கேன்," என்றாள். "போய் அந்த மனுஷனுக்குக் காப்பி குடுங்க."