அந்தச் சுவரில் உங்கள் பெயர் வேண்டாம், அப்பா

என் அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மேல் எவ்வளவு எரிச்சல் இருந்தாலும் 'அன்புள்ள' என்றுதான் கை எழுதுகிறது. எழுதிவிட்டுப் போகட்டும்.

கடற்கரையில் நீங்கள் கொந்தராத்து எடுத்துக் கட்டிய நடைபாதையையும் அதன் சுவரையும் சென்ற மாதம் உடைத்தார்கள். உடைத்தார்கள் என்பதுகூடப் பெரிய சொல். பெக்கோ இயந்திரம் தொட்டதும் தானாகவே உதிர்ந்தது. அதை ஓட்டியவர் இறங்கி வந்து, ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "இதென்னக்கா, விசுக்கோத்தா?" என்று என்னிடம் கேட்டார். நான் உங்கள் மகள் என்று அவருக்குத் தெரியாது.

கம்பி இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் துருப் பொடியாகக் கறள்தான் இருந்தது. கொங்கிறீட்டுக்குள் சிப்பி, ஊரி, ஒரு நண்டின் கால். ஓம் அப்பா, நண்டுக்கால். அலைகரையில் அள்ளிய மணலை அரிக்காமல்கூடக் குழைத்திருக்கிறீர்கள். சுனாமி வந்து போன கரையில், இனிக் கடல் வந்தாலும் பயமில்லை என்று ஊரைக் கூட்டி வைத்துப் பேசினீர்களே, இந்த நண்டுக்காலை நம்பித்தானா பேசினீர்கள்?

இப்போது கட்டுவது வேறு மாதிரி. அலையின் அடியை வாங்க முன்னால் ஆளுயரக் கருங்கற்கள். மணல் ஆற்று மணல், அதையும் சோதித்துப் பார்த்துத்தான் இறக்க விடுகிறார்கள். மாரியில் வாவி நிரம்பி நம் பின்வளவுக்குள் ஏறுமே, அந்தத் தண்ணீர் கடலுக்கு ஓடச் சுவருக்கு அடியால் பெரிய குழாய்கள் வைக்கிறார்கள். வெள்ளத்தை வெளியே விட்டு, கடலை உள்ளே விடாத மூடிகள் அவற்றுக்கு உண்டு. வேலையைப் பார்க்க வந்திருக்கும் பொறியியலாளர் ஒரு பெண். சரியில்லை என்று ஒரு லொறி மணலை அப்படியே திருப்பி அனுப்பினாள். லொறிக்காரர் எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. "சரி சரி, இறக்கு, பாத்துக்கொள்ளலாம்" என்று தோளில் தட்டுகிற உங்கள் பெருந்தன்மை அவளுக்கு வராது போலிருக்கிறது.

இதில் பெரிய பகிடி என்ன தெரியுமா? இந்தச் சுவருக்குத்தான் உங்கள் பெயரை வைக்கப் போகிறார்களாம். தம்பி ஊர்ச் சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். திறப்பு விழாவில் பெயர்க்கல்லின் திரையை நான் விலக்க வேண்டுமாம். வண்ணக்கராக இருந்து கோயில் நிர்வாகத்தைக் கட்டிக் காத்தீர்களாம், செத்த வீடென்றால் முதல் ஆளாகப் போய் நிற்பீர்களாம். பொய்யில்லை, போனீர்கள்தான். தேத்தண்ணியைக் குடித்துக் குடித்துப் புகழ்ந்தார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்தார். அவர் கடையையும் நீங்கள்தான் கட்டினீர்கள். கூரை தலையில் விழும்வரை துடைத்துக்கொண்டிருப்பார், பாவம்.

"முதல் கட்டினது அப்பாதானே அக்கா. அந்த மரியாதைக்கு ஒரு பேர்," என்றான் தம்பி.

"கட்டினதா? போய் மேரியக்காட காலைக் கேள்," என்றேன். தேத்தண்ணிக் கோப்பைகள் கீழே இறங்கின.

மேரியக்காவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நடைபாதை ஓரத்தில் இறால் வடை சுட்டு விற்றவர். ஒரு மாரியில் பின்னால் வாவி வெள்ளமும் முன்னால் கடலும் நெருக்க, உங்கள் சுவர் அவர் காலின் மேல் சரிந்தது. நீங்கள் ஆஸ்பத்திரிக்கு அப்பிளும் பால்மாப் பேணியும் கொண்டுபோய்க் கொடுத்து, "இயற்கையோட ஆர் மோதுற?" என்று ஆறுதல் சொன்னீர்கள். இயற்கையாம்! பழி போட நல்ல ஆளைத்தான் பிடித்தீர்கள். மேரியக்கா இன்றைக்கும் தடியை ஊன்றித்தான் நடக்கிறார்.

பெயர் வைக்கும் கதை அவர் காதுக்கும் போய்விட்டது. ஏசுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "வைக்கட்டும் புள்ள. உங்கட அப்பாட பேர் எழுதிக் கிடந்தாத்தானே சனம் பயந்து தள்ளி நடக்கும்," என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன் அப்பா. வீட்டுக்கு வந்து அழுதேன்.

தம்பி விடுகிறானா? நேற்றுத் தனியாக வந்தான். "அந்தக் காலத்தில உப்பு மணல் கூடாதெண்டு ஆருக்கக்கா தெரியும்? அப்பா தெரியாமச் செஞ்சது. செத்த மனிசன விடு."

தெரியாமல். எனக்கும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் படுக்க ஆசைதான். ஆனால் அவன் சாய்ந்து நின்று பேசியது இந்த வீட்டுச் சுவரில். எனக்குச் சீதனம் என்று நீங்கள் கட்டிய வீடு. இதுவும் நடைபாதையும் ஒரே காலத்தில் எழும்பியவை. அங்கே கடற்கரை மணல் போனது. இங்கே செங்கலடிப் பக்கமிருந்து ஆற்று மணல் வந்தது. பள்ளிக்கூடம் போகிற வயது எனக்கு. கடலில் நின்றுவிட்டு ஈரக் காலோடு வந்து மணல் குவியலில் ஏறினேன். நீங்கள் ஓடி வந்தீர்கள்.

"கடல் மண்ணோட ஏறாத மகள். உப்புப் பட்டா உள்ளுக்குக் கம்பியெல்லாம் கறள் பிடிச்சிரும். நீ இருக்கப்போற வீடு."

கையைப் பிடித்து இறக்கி, வாளித் தண்ணீர் எடுத்து, என் காலை நீங்களே கழுவிவிட்டீர்கள்.

இதைச் சொன்னதும் தம்பி சுவரை விட்டு நிமிர்ந்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். இத்தனை மாரி கண்டும் இந்த வீட்டில் ஒரு வெடிப்பு இல்லை அப்பா. மகளுக்கு ஒரு மணல், மேரியக்காவுக்கு ஒரு மணல் என்று பிரித்தீர்களே, அந்த நேரம் உங்களுக்குக் கை கூசவே இல்லையா? உங்களை வெறுக்கலாம் என்றால் அதற்கும் விடாமல் என் காலைக் கழுவிவிட்டீர்களே, நான் என்ன செய்ய?

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் திவசத்தை ஒரு வருடமும் தவறவிட மாட்டேன். உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பேன். ஆனால் நான் உயிரோடு இருக்கும்வரை அந்தச் சுவரில் உங்கள் பெயர் ஏறாது. ஏன் என்று யாராவது கேட்டால், கூட்டி வந்து இந்த வீட்டைக் காட்டுவேன். எங்கள் அப்பாவுக்கு நன்றாகக் கட்டத் தெரியும் என்று சொல்வேன்.

நீங்கள் கட்டித் தந்த வீட்டிலிருந்து,
உங்கள் மூத்த மகள்