கொல்லை மாடத்து ஜாடி

மல்லேஸ்வரத்துக்கு, அண்ணா ஆத்துக்குப் போகிறேன். சாத்தமுதைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். ஆறினது உங்கள் மார்புக்கு ஆகாது.

இழுப்புக்கு நெல்லிக்காய் லேகியம் என்றீர்கள். நம்பி நானும் ஒரு விரல் நக்கினேன். இன்று சந்தையில் வைத்தியர், "கருங்குரங்கு லேகியம் ஐயாவுக்குக் கேக்குதாம்மா?" என்கிறார். புளி போட்டுத் தேய்த்தும் நாக்கில் அந்தக் கொழுப்பு போகவில்லை. குரங்கைத் தின்றுவிட்டுத் திருமண் இட்டுக்கொள்கிறீர்களே, தூ!

ஜாடியைச் சாக்கடையில் கொட்டத்தான் எடுத்துப் போனேன். ஆனால் நேற்று நீங்கள் சுவரில் சாயாமல், படுத்துத் தூங்கினீர்கள். அப்படிப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று!

ஜாடி கொல்லை மாடத்தில் இருக்கிறது, கரண்டியோடு. இரண்டையும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

கோமளம்

பி.கு. தீரும் முன்னே சொல்லுங்கள். வைத்தியர் வீட்டு மாடி ஏறி உங்களுக்கு மூச்சு வாங்க வேண்டாம். மூக்கைப் பொத்திக்கொண்டு நானே போய் வாங்கிவருகிறேன்.