பரவாயில்லைக்கு நான்கு மதிப்பெண்

ஜூன் 9, திங்கள்

இன்றைய கூட்டத்தையும் ஸ்லைடு சார் "நாம மூணு பேரும் கூட்டாளிங்க" என்றுதான் ஆரம்பித்தார். நிறுவனத்துக்காரர். வாயைத் திறந்தால் திரையில் ஒரு ஸ்லைடு வந்து விழும், அதனால் நான் வைத்த பெயர் அது. நிறுவனம் ஒரு கூட்டாளி, எங்கள் பல்கலைக்கழகம் ஒரு கூட்டாளி, துப்புரவுத் தொழிலாளர் சங்கம் ஒரு கூட்டாளி. நாற்காலி மட்டும் இரண்டு கூட்டாளிகளுக்குத்தான் போட்டிருந்தார்கள். சங்கத்துச் செயலாளர் வாசலருகே நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். உட்கார்ந்ததும் யாரோ கதவைச் சாத்தச் சொன்னார்கள். அவரே எழுந்து போய்ச் சாத்தினார்.

ஆய்வுப் பயிற்சி பாதி முடிந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் நிறுவனம், இரண்டு நாள் சங்கம். நிறுவனம் தயாரித்த, தரை துடைக்கும் புது லிக்விட் ஒன்றை எங்கள் வளாகத்தில் சோதனைக்கு விட்டிருக்கிறார்கள். துடைக்கும் பெண்கள் அதை நீலம் என்கிறார்கள், நிறம் அப்படி. நீலம் எப்படி இருக்கிறது என்று அவர்களைக் கேட்டுப் பதிவு செய்வது என் வேலை. அறிக்கை நன்றாக வந்தால் விடுதி, நூலகம், எல்லாக் கட்டடத்துக்கும் இனி நீலம்தான். அறிக்கை வந்தால்தான் எனக்கும் படிப்பு முடியும்.

ஜூன் 12, வியாழன்

மூன்றாம் மாடி அக்காவைப் பேட்டி எடுத்தேன். எங்கள் துறை இருக்கிற மாடியைத் துடைப்பவர். படிக்கட்டுக்கு அடியில் வாளி வைக்கும் அறையில், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தோம்.

நீலம் எப்படிக்கா இருக்கு என்று கேட்டேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இருமினார். பிறகு, "பரவாயில்லம்மா" என்றார்.

பதிவை நிறுத்திவிட்டு ஒயரைச் சுருட்டும்போதுதான் மற்றதெல்லாம் வந்தது. விரலிடுக்கில் தோல் உரிகிறதாம். கையுறை போட்டால் வாளி வழுக்குகிறதாம். ஜன்னல் இல்லாத கழிவறையில் நீலத்தை ஊற்றினால் மூச்சை அடைக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதி துடைப்பார், வெளியே ஓடிவந்து இழுத்துக்கொள்வார், திரும்ப உள்ளே போவார். இதையும் பதிவு செய்துகொள்ளட்டுமா என்றேன். அதெல்லாம் எதுக்கு என்று எழுந்துவிட்டார்.

ஜூன் 13, வெள்ளி

அம்மாவிடம் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். அப்படியென்றால் வலிக்கிறது.

ஜூன் 18, புதன்

வேகமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

ஸ்லைடு சார் இன்று முதல் முடிவுகளைக் காட்டினார். பச்சை நிறத்தில் ஒரு வட்டம். பத்தில் எட்டுப் பேருக்கு நீலத்தில் "திருப்தி". எந்த எட்டுப் பேர்? பேட்டி எடுத்தது நான். முகத்தைப் பார்த்தது நான். எனக்குத் தெரியாமல் எங்கிருந்து வந்தது இந்தத் திருப்தி?

கேட்டேன். பதில்களை எண்ணாக மாற்றும் பட்டியலைத் திறந்து காட்டினார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றால் ஐந்து. அதற்கடுத்த வரி: "பரவாயில்லை" என்றால் நான்கு. நான்கு என்றால் திருப்தி.

பஸ்ஸில் ஒருத்தன் காலை மிதித்துவிட்டு ஸாரி என்கிறான். பரவாயில்லை என்கிறோம். மிதித்தது திருப்தியாக இருந்தது என்றா அர்த்தம்? கடன் கேட்டுப் போய், இல்லை என்று கைவிரித்தவனிடமும் பரவாயில்லை என்றுதான் சொல்லிவிட்டு வருகிறோம். அதற்கும் நான்கா?

இதையெல்லாம் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. "சார், அது அந்த அர்த்தத்துல சொல்றது இல்ல சார்" என்று மட்டும் வந்தது. அவர் சிரித்தபடியே, "நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. எல்லாரும் ஒரே வார்த்தையச் சொல்றாங்க, அதுக்கு ஒரு நம்பர் வேணுமில்ல? மோசமில்லன்னுதான அர்த்தம்?" என்றார். இவரும் நம்ம பாஷை பேசுகிறவர்தான். வீட்டில் மனைவி பரவாயில்லை என்றால் இவர் என்ன செய்வார்? நாலு போட்டுவிட்டுத் தூங்கிவிடுவாரா?

ஜூன் 19, வியாழன்

பல் துலக்கும்போதுகூட அந்தப் பச்சை வட்டம். துப்பினேன்.

ஜூன் 23, திங்கள்

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனேன். அவருக்கு நான் வைத்த பெயர் பார்க்கலாம் மேடம். விடுப்பு கேட்டாலும் பார்க்கலாம், புத்தகம் கேட்டாலும் பார்க்கலாம். அவர் வாயிலிருந்து முடியாது என்ற சொல் வந்ததே இல்லை, நடந்த காரியமும் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். வேண்டுமானால் அறிக்கையின் கடைசியில் ஓர் அடிக்குறிப்பாகப் போடலாம் என்றார். அடிக்குறிப்பு! அக்காவுக்கு மூச்சு முட்டுவது, பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். கேள்வியை மாற்றி எல்லோரையும் மறுபடி ஒருமுறை கேட்கட்டுமா என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பார்க்கலாம்மா."

சரி. பரவாயில்லை என்றால் திருப்தி என்று அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றால், பார்க்கலாம் என்றால் சரி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். யாருக்கு யார் சளைத்தவர்கள்?

ஜூன் 27, வெள்ளி

இரண்டு நாளாக மாடி மாடியாக ஏறி இறங்கிக் கால் விட்டுப்போயிற்று. புதுக் கேள்வி ஒன்றே ஒன்றுதான். உங்க தங்கச்சியோ மகளோ இந்த வேலைக்கு வந்தா, நீலத்தை அவங்க கையில கொடுப்பீங்களா?

ஒருவர்கூடப் பரவாயில்லை என்று சொல்லவில்லை. தன் உடம்பு என்றால் மென்று விழுங்குகிறவர்களுக்கு மகள் என்றதும் எங்கிருந்துதான் அவ்வளவு வருமோ. ஒருவர் என்னையே திட்டினார், என் பெண்ணை ஏன் இதில் இழுக்கிறாய் என்று. மூன்றாம் மாடி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "எதுக்குக் கொடுக்கணும்? நான் படறது போதாதா?" என்றார். பிறகு கழிவறை, இருமல், தோல், எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 2, புதன்

சேர்க்க முடியாதாம்.

கூட்டத்தில் ஸ்லைடு சார் சொன்னார், இரண்டாம் சுற்றுப் பேட்டிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கவில்லையாம். அதோடு நான் கேட்டது பதிலைத் தூண்டும் கேள்வியாம். ஆக மொத்தம் பச்சை வட்டம் அப்படியே போகும். மேடம் பக்கம் திரும்பினேன். நீங்கதானே மேடம் சரின்னீங்க என்றேன்.

"நான் எப்பம்மா சரின்னேன்? பார்க்கலாம்னுதான சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறையில் வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். சமயம் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

ஜூலை 4, வெள்ளி

சங்கத்துக்குப் போய்ச் செயலாளரிடம் கொட்டித் தீர்த்தேன். கொதித்தெழுவார் என்று நினைத்தேன். என்மேல்தான் கொதித்தார்.

"நீ ரெண்டு மாசத்துல சர்டிபிகேட் வாங்கிட்டுப் போயிடுவ. நாளைக்கு யாரு என்ன பேசினாங்கன்னு மேஸ்திரிக்குத் தெரிஞ்சா, அவங்க வேலைக்கு யாரு பதில் சொல்றது? நீயா, உங்க மேடமா?"

பாதுகாப்புக் குழுவில் சங்கத்துக்கு ஓர் இடம் தருவதாக நிறுவனம் சொல்லியிருக்கிறதாம். பல வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத இடம். நான் போய்க் குட்டையைக் குழப்பிவிட்டேனாம். அவர்களுக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்து அவர்களிடமே திட்டு வாங்குகிறேன். எனக்கு நன்றாக வேண்டும்.

கிளம்பும்போது கூப்பிட்டு ஒன்று கேட்டார். பேட்டிக்கு முன்னால நீ ஒண்ணு கடகடன்னு வாசிப்பியே, அது என்ன? சொன்னதை எப்போது வேண்டுமானாலும் நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பதைத்தான் கேட்டார். விதிப்படி வாசிக்க வேண்டும், வாசிப்பேன். யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. விளக்கிவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மாவிடமும் எரிந்து விழுந்தேன். "ஊரத் திருத்தறதுக்கு உன்ன யாரு கூப்பிட்டா? வந்த வேலைய முடிச்சிட்டு வா" என்றாள்.

ஜூலை 16, புதன்

இறுதிக் கூட்டம். பச்சை வட்டம் திரையில். அறிக்கையின் முதல் பக்கத்தில் என் பெயரும் இருந்தது. எழுந்து அதை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கதவு திறந்தது.

செயலாளர். பின்னால் மூன்றாம் மாடி அக்கா. அவருக்குப் பின்னால் நான் பேட்டி எடுத்த அத்தனை பேரும், வேலைச் சட்டையோடு. நாற்காலி போதாது. யாரும் கேட்கவும் இல்லை. சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். அந்தக் குளிர்பதன அறையில் நீலத்தின் நெடி முதல் தடவையாக வந்தது.

ஸ்லைடு சார், உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், எல்லாரும் திருப்தியா இருக்கீங்கன்னு வந்திருக்கு என்றார். செயலாளர் திரையைப் பார்க்கவே இல்லை.

"நாங்க சொன்னது ஒண்ணு, நீங்க எழுதினது ஒண்ணு. எங்க பேச்ச எங்களுக்குத் திருப்பிக் கொடுத்துடுங்க."

ஸ்லைடு சாருக்குப் புரியவில்லை. மேடத்துக்குப் புரிந்துவிட்டது, முகம் வெளுத்துவிட்டது. திரும்பக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், பல்கலைக்கழகத்தின் விதி. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கேட்டால் எஞ்சுவது தலைப்பும் எண் இல்லாத வெறும் வட்டமும்தான். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. எல்லாம் என்றால் இரண்டாம் சுற்றும்தான். என் பேட்டிகள். என் அறிக்கை. என் செமஸ்டர்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை!

ஜூலை 17, வியாழன்

செயலாளரிடம் போனில் கத்திவிட்டேன். நான் யாருக்காகச் செய்தேன், என் படிப்பு என்ன ஆவது, வாயில் வந்ததெல்லாம். கத்தி முடித்ததும் அவர் சொன்னார்.

"உன்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சா அது உன் வேலை ஆயிடும். இது எங்க வேலைம்மா."

போனை வைத்துவிட்டேன். நியாயம்தான். நியாயமாக இருந்தால் கோபம் வரக்கூடாதா என்ன? இப்போதும் வருகிறது.

ஜூலை 21, திங்கள்

பேட்டிப் பதிவுகளை, பேசியவர்கள் முன்னிலையிலேயே அழிக்க வேண்டும் என்றார்கள். வாளி அறைக்கே கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்றாம் மாடி அக்கா மட்டும் ஒரு தடவை கேட்டுவிட்டு அழிக்கலாமா என்றார். போட்டேன். தன் குரலைத் தானே கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இருமல் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. இவ்வளவு இருமறேனா நான் என்றார். பிறகு, சரி அழிச்சிடு என்றார்.

அழித்தேன். முகம் கழுவக் கழிவறைக்குள் போனேன், அந்த ஜன்னலில்லாத கழிவறை. அப்போதுதான் நீலம் ஊற்றித் துடைத்திருந்தார்கள். அழக்கூட விடவில்லை சனியன், இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அறிக்கை இல்லாததால் நீலம் வாங்கும் முடிவு ஒத்திவைப்பு. பயிற்சி நிறைவு பெறாததால் நான் அடுத்த செமஸ்டரும் வர வேண்டும். இரண்டும் ஒரே சுற்றறிக்கையில், அடுத்தடுத்த பத்தியில். பாதுகாப்புக் குழுவில் சங்கத்துக்கு இடம் என்ற பேச்சே அதில் இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

என்னோடு படித்தவர்கள் சான்றிதழோடு நிற்கும் படத்தைத் துறை வாசலில் மாட்டியிருக்கிறார்கள். மேடம் நடுவில். "கூட்டாளிகளோடு கைகோத்து" என்று தலைப்பு. அம்மாவிடம் சொன்னேன். சாயங்காலம் அவளாக வந்து, "அந்தப் பொம்பளைக்கு இருமல் நின்னுச்சா?" என்றாள். தெரியவில்லை என்றேன். கேட்டுக்கொண்டு வரக்கூடாதா என்று திட்டினாள்.

ஜனவரி 12, திங்கள்

புது செமஸ்டர், பழைய வகுப்பு, கூட இருப்பவர்கள் எல்லாம் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள். காலையில் சீக்கிரமே போய்விட்டேன். மூன்றாம் மாடி அக்கா நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாளியில் சோப்பு நுரை. எப்படிக்கா இருக்கீங்க என்றேன்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். மூச்சு விடாமல் ஆரம்பித்தார். சோப்புத் தண்ணி என்றால் ஒரே இடத்தை ரெண்டு தரம் துடைக்க வேண்டியிருக்கிறது. வாளி கனக்கிறது, சக்கரம் வைத்த வாளி கேட்டுச் சங்கத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள், ஒரு பதிலும் காணோம். மேஸ்திரி லிப்டில் ஏறக்கூடாது என்கிறான். அவ்வளவு நேரமும் ஒரு தடவைகூட இருமவில்லை. கடைசியாக எங்கள் துறைக்கு வந்தார்.

"படிச்ச பிள்ளைங்க, ஈரத்துலயே மிதிச்சிட்டுப் போவுது. நீயும்தான். வந்த நாள்லேர்ந்து சொல்லணும்னு இருந்தேன்."

சுர்ரென்று ஏறியது எனக்கு. ஒரு செமஸ்டரையே விட்டவள் நான், என்னைப் போய்! பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார், நகர்வதாக இல்லை.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாகக் காய்ந்த இடம் பார்த்து நடந்து வகுப்புக்குப் போனேன்.