கட்டிலுக்கு எதிரே ஒரு கலர் பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

டாக்டரம்மா இன்றும் அதையேதான் சொன்னார். படுக்கை, படுக்கை, படுக்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மறுபடி லீவு எழுதி அனுப்பியாயிற்று. நாள் முழுக்க யார் யார் குரலையோ யார் யார் காதிலோ கோத்துவிட்டுக்கொண்டிருந்தவள், இப்போது கூரையில் இருக்கும் விரிசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

ஐந்து மாதம் முடிந்துவிட்டது. முதலாவது கரு மூன்றிலேயே கலைந்துபோயிற்று. இரண்டாவது ஐந்தில். இது? வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. மாமியார் போட்ட சட்டம் அது. "அதப் பத்திப் பேசாத, நெனைக்காத. ஒரு துணி வாங்கி வைக்காத. வந்தப்புறம் பாத்துக்கலாம்."

பேசாமல் இருக்கலாம். நினைக்காமல் எப்படி இருப்பது?

மார்ச் 5, வியாழன்

உள்ளே ஏதோ புரண்டது. யாரிடமும் சொல்லவில்லை. வாயுவாகக்கூட இருக்கும்.

மார்ச் 7, சனி

கொழுந்தனும் அவரும் மூச்சு வாங்க ஒரு பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்தார்கள். கலர் டிவி! கொழுந்தன் வேலை பார்க்கும் ரிப்பேர் கடைக்கு ஒரு ஓட்டலிலிருந்து வந்ததாம். பழுது பார்த்தாகிவிட்டது, திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"முதலாளிக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருன்னார் அண்ணி. எங்க வச்சு ஓட்டணும்னு சொல்லலையே!"

நாளைக்குத்தான் டிவி நிலையத்தில் முதல்முறையாகக் காலையிலிருந்து இரவுவரை எல்லாமே வண்ணத்தில் காட்டப்போகிறார்களாம். பெட்டியை என் கட்டிலுக்கு எதிரே அலமாரி மேல் வைத்திருக்கிறார்கள். இப்போது கறுப்பாக, ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

பார்க்கப் பார்க்க எழுதுகிறேன். மறந்துவிடக் கூடாது.

முதலில் வெறும் பட்டைகள். மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம். வேறொன்றும் இல்லை. அதையே எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். கொழுந்தன் பெட்டியின் குமிழைத் திருகினான். முதலில் தோன்றிய அறிவிப்பாளர் அம்மாவின் முகம் ஆரஞ்சுப் பழமாயிற்று, பிறகு மஞ்சள் காமாலை வந்தது, பிறகுதான் மனுஷியானாள். அவளுடைய கவுன் ஊதா! கீழ்வீட்டுத் தையல்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, அந்தக் கவுனக் கறுப்பு வெள்ளையில பாத்துப் பாத்துப் பாதி ஊருக்குச் சாம்பல்ல தெச்சுக் குடுத்தேனே!" சிரித்து வயிறு குலுங்கியது. குலுங்கக் கூடாது என்று பயந்து நிறுத்திக்கொண்டேன்.

உடற்பயிற்சி. பொம்மலாட்டம். சமையல் — ஒரு அம்மாள் பீட்ரூட்டை வெட்டினாள், விரலெல்லாம் சாயம். மாமியார் அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்றவர், அப்படியே நின்றுவிட்டார். பால் பொங்கியது யாருக்கும் தெரியவில்லை.

மதியம் கடலுக்கு அடியில். சொல்லத் தெரியவில்லை. அங்கே வெளிச்சமே போகாதாம். விளக்கைக் கொண்டுபோய் அடித்தால்தான் தெரிகிறதாம் — சிவப்புப் பூக்கள் மாதிரி உயிர்கள், மஞ்சள் கோடு போட்ட மீன்கள். யாரும் பார்க்காத இடத்தில் யாருக்காக இவ்வளவு வண்ணம்?

பந்தாட்டம் வந்ததும் அறை நிறைந்துவிட்டது. அவர் என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். யார் கோல் போட்டார்கள் என்றே கவனிக்கவில்லை. "புல்லப் பாரேன்... புல்லப் பாரேன்..." என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

செய்தியில் எங்கோ சண்டை. தெருவில் ஒருவன் சட்டையெல்லாம் நனைந்து கிடந்தான். நேற்றுவரை செய்தியில் ரத்தம் கறுப்பு. இன்று சிவப்பு. எனக்குத் தெரிந்த சிவப்பு. மாமியார் சட்டென்று என் முன்னால் வந்து மறைத்து நின்றுகொண்டார்.

அதற்கப்புறம்தான் அந்த அறிவியல் நிகழ்ச்சி. தலைப்பு வரும்வரை என்னவென்று எங்களுக்குத் தெரியாது. கர்ப்பத்துக்குள் இருக்கும் குழந்தை. மாமியார் "அணைடா அதை!" என்றார். கொழுந்தன் எழுந்தான். "வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

இருட்டில் ஒரு இளஞ்சிவப்பு வெளிச்சம். அதில் ஒரு கை. விரல்கள் — நகம்கூட இருந்தது. கண்ணாடிபோன்ற தோலுக்குள் நூல் நூலாக ரத்தம் ஓடுவது தெரிந்தது. நான் பயந்த அதே சிவப்புதான், ஆனால் அது உயிராக ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை வாயில் வைத்திருந்தது. "இது ஐந்தாம் மாதம்" என்றது குரல். வெளிச் சத்தங்கள் இனி மெல்ல மெல்ல அதற்குக் கேட்கத் தொடங்கும் என்றது.

தையல்காரர் பீடியை அணைத்துவிட்டார். வேறு எதற்கும் அவர் அணைத்ததில்லை.

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் போனபின் மாமியார் கட்டிலில் உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒம்புருஷனுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தங்கல. அஞ்சு மாசம். துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க, காட்டவே இல்ல. ஏதோ கட்டின்னு சொன்னாங்க." தன் உள்ளங்கையை விரித்தார். "கை இருந்திருக்கு, பாரேன். நகம் இருந்திருக்கு."

அவர் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். உடனே உதைக்கவில்லை. கதையில்தான் உடனே உதைக்கும். காத்திருந்தோம். கடைசியில் உதைத்தது.

"அம்மாடி!" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 9, திங்கள்

பெட்டி போய்விட்டது. மாமியார் கடைக்குப் போய் மஞ்சள் கம்பளி நூல் வாங்கி வந்தார். சட்டத்தை அவரே உடைத்துவிட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

யாருமில்லாத நேரத்தில் அதனிடம் பேசுகிறேன். இதற்குமுன் யாரோ யாரிடமோ பேசத்தான் லைன் கொடுத்திருக்கிறேன். இது எனக்கே வந்த லைன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ரத்தம். ஏன், ஏன், ஏன் —

ஏப்ரல் 24, வெள்ளி

ரத்தம் நின்றுவிட்டது. டாக்டரம்மா குழலை வயிற்றில் வைத்து நெடுநேரம் கேட்டார். மாமியார் என் கட்டைவிரலை நசுக்கிப் பிடித்திருந்தார். "இருக்கு. நல்லா அடிக்குது" என்றார் டாக்டரம்மா.

இரண்டு முறையும் இழந்தபோது எதை இழந்தேன் என்றே எனக்குத் தெரியாது. இந்த முறை தெரியும். அதனால் பயம் பல மடங்கு. ஆனாலும் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அதனிடம் வாய் ஓயாமல் பேசினேன். "போகாதே" என்று மட்டும் சொல்லவில்லை. ஊர்க்கதை சொன்னேன்.

ஜூலை 14, செவ்வாய்

வியாழக்கிழமை வந்தாள். வரும்போது நீலமாக இருந்தாள். அழவில்லை. நர்ஸ் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். அப்போது ஒரு கத்தல் — என் கண்முன்னே நெற்றியில் தொடங்கிக் கன்னம், மார்பு, உள்ளங்கால் என்று சிவந்துகொண்டே போனாள். அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

மாமியாரை உள்ளே விடவில்லை. சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். துணியை விலக்கி ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். யார் அவசரப்படுத்தியும் குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இன்னும் எழுத இருக்கிறது. பசிக்கு அழுகிறாள்.