பேட்டரியைத் திருப்பிப் போட்ட கேள்வி

4 ஆகஸ்ட், திங்கள்

காலை எட்டுக்கே புழுக்கம். ஆசிரியர் அறையில் ஃபேன் ஓடவில்லை. உள்ளே எலக்ட்ரிகல் வாத்தியார்கள் ஆறு பேர். வெட்கக்கேடு.

இன்று:
தரச்சான்றுக் குழு வருகைக்கான ஃபைல் 3 (பாதி).
லேப், இரண்டு பேட்ச்.
அட்டெண்டன்ஸ் ஏற்றுவது. சர்வர் படுத்துவிட்டது.
முடி வெட்டிக்கொள்வது. இல்லை.

மதியம் எச்.ஓ.டி. வழக்கம்போல் கேரம். தமிழ்த்துறை சாரிடம் தோற்றார். "காத்து அடிக்குதுய்யா, அதான் காய் நவுருது." ஃபேன் ஓடாத அறையில் என்ன காற்று?

இடைவேளையில் கௌசல்யா, மூன்றாம் ஆண்டு. போன செமஸ்டர் சர்க்யூட் பேப்பரில் 46. பாஸ் 50. விடைத்தாள் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். பதினொன்றாவது கேள்விக்கு 13-க்கு 4 போட்டிருக்கிறேன், ஏன் என்று கேட்டாள். "விடை தப்பு, ஸ்டெப்புக்குத்தான் நாலு" என்றேன். "சார், ஒரே ஒரு தடவை பேட்டரியைப் பாருங்க சார்" என்றாள். லேபுக்கு மணி அடித்துவிட்டது. ஆன்சர் கீ பார்த்துத்தான் திருத்தினேன், போய் அரியர் எழுது என்றேன். கொஞ்சம் சத்தமாக.

5, செவ்வாய்

மேகம். மலை உச்சி தெரியவில்லை. மழையும் இல்லை.

பிசிக்ஸ் பத்மாவதி மேடம் (இனி ப.மே.) பற்றி எழுதியதில்லை. ஐம்பதை நெருங்கும் வயது. மற்றவர்கள் மதியம் போனில் ரீல்ஸ் பார்ப்பார்கள், மனை விலை பேசுவார்கள். இவர் மற்றத் துறைகளின் கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்ப்பார். பொழுதுபோக்கு. தேர்வு ஹாலில் மிஞ்சும் தாள்களைச் சேர்த்து டிராயரில் வைத்திருக்கிறார். சிவில், மெக்கானிகல், எம்.பி.ஏ. கூட. ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் பென்சில். விடை வந்தால் மூக்குக்குள் ஒரு முனகல்.

இன்று என் தாள்.

"சார், உங்க பதினொண்ணு நல்ல கேள்வி. எனக்கு மைனஸ் பாயிண்ட் நாலு ஆம்பியர் வந்துச்சு. கரெக்டா?"

"இல்ல மேடம். ரெண்டு ஆம்பியர்."

"அப்படியா?" மறுபடி பென்சில். தயிர்சாதம் காய்ந்தது. "மறுபடியும் மைனஸ் பாயிண்ட் நாலுதான் வருது."

பிசிக்ஸ்காரர்களுக்கு சர்க்யூட் தெரியாது என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். அவர் கோபப்படவில்லை. "லேப் உங்க கையிலதானே இருக்கு? கட்டிப் பாத்துட்டு சொல்லுங்க" என்றார்.

நாலரைக்குக் கட்டினேன். பேட்டரிக்குப் பதில் இரண்டு பவர் சப்ளை, மூன்று ரெசிஸ்டர். மீட்டர் −0.4.

ஒயரை மாற்றிச் செருகினேன். மீட்டரை மாற்றினேன். −0.4.

அப்புறம்தான் உறைத்தது. இது போன வருடத்துக் கேள்வி. மனப்பாடம் செய்து வருபவர்கள் மாட்டட்டும் என்று ஒரு பேட்டரியை மட்டும் திருப்பி வரைந்தேன். கீயில் திருப்பவில்லை. போன வருட விடையே நின்றுவிட்டது. அதை வைத்து 58 தாள் திருத்தியிருக்கிறேன். பழைய விடையை ஒப்பித்தவனுக்கு 13. கணக்குப் போட்டவளுக்கு 4.



6, புதன்

வெயில்.

விசாரித்தேன். இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு கம்பெனி எங்கள் காலேஜிலிருந்து ஆள் எடுக்கிறது. பட்டியல் வெள்ளி மாலை நாலு மணிக்கு மூடுகிறது. அரியர் இருந்தால் பெயர் இல்லை. கௌசல்யாவுக்கு இந்த ஒன்றுதான் அரியர்.

மார்க்கைத் திருத்தத் தேவையானவை: நான் எழுதும் கடிதம், இரண்டாவது திருத்துநர் கையெழுத்து, எச்.ஓ.டி. கையெழுத்து, சம்பந்தப்பட்ட மாணவர் கையெழுத்து. எல்லாம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் மேஜைக்குப் போக வேண்டும். நான் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருப்பவன். கடிதம் என் ஃபைலில் ஏறும். மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டில் 'தட்டச்சுப் பிழை' என்று இருந்தது. கிழித்தேன்.

எச்.ஓ.டி. கேரம் பலகையில். சொன்னேன். விரல் ஸ்ட்ரைக்கர் மேலேயே நின்றுவிட்டது.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் ப.மே.வுக்கும் சார்."

"யாருய்யா ப.மே.?"

"பத்மாவதி மேடம் சார்."

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா சரிதான்."

அமுக்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். குழு வரும் நேரம், தேர்ச்சி சதவீதம், ஆயிரம் காரணம் இருக்கிறது. ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டு எழுந்தார். நின்றபடியே கடிதத்தைப் படித்தார். கீழே தன் கையால் இரண்டு வரி சேர்த்தார்: 'விடைக்குறிப்பைச் சரிபார்த்ததாக ஒப்பமிட்டவன் நான். கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.'

"சார், இது வேணாமே..."

"நான் கையெழுத்துப் போட்டேனா இல்லியா? எடுத்துட்டுப் போய்யா."

ஒரு நிபந்தனை மட்டும். ஏற்றலாம், இறக்கக் கூடாது. வெளியிட்ட மார்க்கை நம் தப்புக்காகக் குறைக்க முடியாது என்றார். மனப்பாடக்காரர்கள் தப்பித்தார்கள். எனக்கு ஒப்பவில்லை.

இந்த மனிதரைக் கேரம் சார் என்று இரண்டு வருடமாகக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறேன்.

7, வியாழன்

தூறல், பத்து நிமிடம். ஃபேன் சரிசெய்தேன். கெப்பாசிட்டர்தான். இத்தனை நாள் யாரும் தொடவில்லை, நானும்தான்.

மதியம் மூன்றிலிருந்து 58 தாளும் மறுபடி. இரண்டாவது திருத்துநர் ப.மே. அவருக்கு என்ன தலையெழுத்து? அவர் மேஜையில் முடிக்காத ஃபைல் ஐந்து, வழிகாட்டி ஆசிரியராகப் போன் செய்ய வேண்டிய பெற்றோர் பதினாறு பேர், பாதியில் நிற்கும் ஒரு ஆய்வுக் கட்டுரை. எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளினார். அந்த ஒரு கேள்வியை மட்டும் படித்துக்கொண்டே போனார். அவசரமே இல்லை. நான் மூன்று தாள் முடிப்பதற்குள் அவர் ஒன்று.

"பாருங்க சார், இந்தப் பையன் தப்புதான். ஆனா எவ்ளோ அழகா தப்பு பண்ணியிருக்கான்!"

சலிப்பாக இருக்க வேண்டிய வேலை. அவருக்கு அது பண்டிகை.

ஐந்தே முக்காலுக்கு டப்பாவைத் திறந்தார். ஜைனர், விளக்கு வைத்த பிறகு சாப்பிட மாட்டார். எனக்கும் இரண்டு இட்லி. அப்போது புலம்பினேன்: மனப்பாடம் பண்ணினவனுக்கு 13 அப்படியே நிற்கிறதே, அநியாயம்.

"அவங்க போன வருசத்து விடையை மனப்பாடம் பண்ணாங்க. நீங்களும் அதையேதானே சார் வெச்சித் திருத்தினீங்க?"

அவர் சட்னியைத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். அடுத்த தாளை எடுத்துவிட்டார்.

சரியாகப் போட்டவர்கள் மொத்தம் ஏழு பேர். ஆறு பேர் ஹாஸ்டல். அப்போதே வந்து கையெழுத்துப் போட்டார்கள். கௌசல்யா இன்று லீவ். நாளை பௌர்ணமி. வீடு அடி அண்ணாமலை, கிரிவலப் பாதையில் கடை. நாளையும் வர மாட்டாள்.

8, வெள்ளி

வெயில், உச்சிக்கு மேல் கொடுமை. காலேஜ் பன்னிரண்டோடு விட்டார்கள், தேர்வு அலுவலகம் மட்டும் நாலு வரை. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தம்.

விடைத்தாள் காலேஜை விட்டு வெளியே போகக் கூடாது. ஜெராக்ஸும் படிவமும் எடுத்துக்கொண்டேன். பைக்கைத் தடுப்பில் போலீஸ் நிறுத்திவிட்டது. நடை. கூட்டம் இப்போதே ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் வெறுங்காலில் நிதானமாகப் போகிறார்கள். ஷூ போட்டுக்கொண்டு ஃபைலோடு ஓடுகிறவன் நான் ஒருவன்தான்.

கடையைக் கண்டுபிடிக்கும்போது மணி 1.50. தண்ணீர் பாட்டில், கற்பூரம், வெள்ளரிக்காய். கௌசல்யா காய் சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டாள். அவள் அம்மா: "சாரா? வாங்க சார். மோர் சாப்பிடுங்க. இவ என்னா பண்ணா?"

"இவ ஒண்ணும் பண்ணலைங்க. நான்தான் பண்ணிட்டேன்."

சொன்னேன். பேட்டரி, கீ, எல்லாம். திங்கள் சத்தம் போட்டதற்கும் சேர்த்து மன்னிப்பு. இப்போது 55, பாஸ், மணி நாலுக்குள் கையெழுத்து வேண்டும் என்றேன்.

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். கையை முந்தானையில் துடைத்தாள், ஜெராக்ஸை வாங்கினாள், பேனா கேட்டாள். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கேள்வியாகக் கூட்ட ஆரம்பித்தாள். பின்னால் ஒரு ஆள் தண்ணீர் கேட்டுக் கத்துகிறார். அம்மா: "சார் நிக்கிறாரு, போட்டுக் குடேன்டி." தலையைத் தூக்கவில்லை. மணி 2.10. எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை.

"சார், ஐம்பத்தஞ்சு இல்ல. ஐம்பத்தி நாலு. பார்ட் ஏ-ல ஒண்ணு ஜாஸ்தியா கூட்டியிருக்கீங்க."

பார்த்தேன். ஆமாம். பதினான்கைப் பதினைந்து என்று போட்டிருக்கிறேன்.

"ஜெராக்ஸ் வாங்கினப்பவே பாத்துட்டேன் சார். அப்ப நாப்பத்தாறு. சொல்றதுக்கு பயமா இருந்துச்சு."

படிவத்தில் 55-ஐ அடித்து 54 என்று எழுதினேன். பக்கத்தில் என் கையெழுத்து. கீழே அவளுடையது. 3.40-க்கு அலுவலகத்தில் கொடுத்தேன்.